கை எண்ணும் கூட்டம்

உதிரிப் பழத்தை மழைக்கு முன்னால் பொறுக்கிவிட வேண்டும். நனைந்தால் மண் ஒட்டும். மண் ஒட்டிய பழத்துக்கு எண்ணெய் ஆலையில் விலையைக் குறைப்பார்கள். புஷ்பவள்ளி குந்திய வாக்கிலேயே ஒரு செம்பனை மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்கு நகர்ந்தாள். உரச்சாக்கு பின்னால் இழுபட்டு வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் எழுந்து எழுந்து உட்காருவதைவிட இப்படி நகர்வது முழங்காலுக்கு நல்லது.

கடல் பக்கம் வானம் கருத்திருந்தது. தோட்டத்தைச் சுற்றி ஓடும் பாரிட் வாய்க்காலில் தண்ணீர் ஏறி, கரைப்புல் பாதி முங்கியிருந்தது. காற்றில் சேற்று வாடை.

அடுத்த நிரையில் நல்லம்மாள் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி. புஷ்பவள்ளியைவிட மூன்று வயது மூத்தவள்.

"எண்ணிட்டியாடி?" என்றாள்.

"எத யக்கா?"

"பழத்தையா எண்ணுவாங்க. கையத்தான்."

"நாப்பத்து மூணு. கடைசி வீட்டு ரெண்டு பேரையும் சேத்து."

"கடைசி வீட்டுக்காரன் கூட்டத்துல தூங்கிருவானே."

"நான் பக்கத்துலதான் உக்காருவேன். அவன் கையப் புடிச்சு நானே தூக்கிருவேன்."

நல்லம்மாள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"டவுன்லேருந்து எத்தன பங்குக்காரங்க வருவாங்க?"

"போன வருசம் பதினொண்ணு. இந்த வருசம் முப்பதே வரட்டும்லா. நம்மதான் கூட."

"கறியத் தின்னுட்டு நம்ம பக்கமே தூக்கிட்டாலும் தூக்கிருவானுங்க. கறிய நல்லா வையி."

புக்கிட் ரோத்தானிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே போனால் பழைய மரப்பாலம் ஒன்று வரும். தார் பூசிய பாலம். வெள்ளைக்காரக் கம்பெனி வைத்த பெயர், பலகையில் மட்டும் இருந்தது. ஜனங்களுக்கு அது கருப்புப் பாலத் தோட்டம். அந்தக் கம்பெனி நிலத்தைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, குலை வெட்டிக்கொண்டிருந்த இராமையாவுக்கு இருபத்தொன்பது வயது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். மாதம் இருபது வெள்ளி போட்டால் நமக்கே ஒரு துண்டு கிடைக்கும் என்றார். பைத்தியம் என்றார்கள். வேலை வாங்கும் மண்டோர் சிரித்தார். ஆபீஸ் கிராணி மிரட்டினார். நான்கு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பணம் கட்டத் தொடங்கினார்கள். பாலத்தடியில் மளிகைக் கடை வைத்திருந்த மஸ்தானும் கட்டினார். ஐந்து வருடம் கழித்து முந்நூற்று நாற்பது ஏக்கரும் மூன்று வரிசை லயமும் அவர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் பெயருக்கு வந்தன. துரை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்கள், அதே வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து முதல் கூட்டம் நடத்தினார்கள்.

இராமையா புஷ்பவள்ளியின் புருஷன். பங்குக்காரர் ஆன பிறகும் அவர் குலை வெட்டுவதை நிறுத்தவில்லை.

"காலையில கூலி பத்தாதுன்னு சண்ட போடுவேன். சாயங்காலம் கூட்டத்துல, இவ்வளவு கூலி குடுத்தா கம்பெனி தாங்காதுன்னு பேசுவேன். ரெண்டும் நான்தான்," என்பார். "அப்பத்தான்டி நியாயமான கூலி எதுன்னு தெரியும். வயிறும் கல்லாவும் ஒரே ஆளுகிட்ட இருக்கணும்."

வருடம் ஒரு முறை கூட்டம். பழைய பள்ளிக்கூடத்தில் நடக்கும். எதுவாக இருந்தாலும் கை தூக்கித்தான் முடிவு. பத்துப் பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒரு கை, நூறு வைத்திருப்பவனுக்கும் ஒரு கை. தலைவர் எண்ணுவார். பிறகு ஆட்டுக்கறிச் சாப்பாடு. முப்பது வருடமாக அப்படித்தான். வர முடியாதவர்கள் அச்சடித்த ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டு ஆபீசுக்கு அனுப்புவார்கள். லயத்தில் அதற்கு லீவு லெட்டர் என்று பெயர்.

சாவதற்கு ஒரு வருடம் முன்னால் இராமையா தன் அறுபத்தொரு பங்கையும் பிரித்துக் கொடுத்தார். மகன் கணேஸ்வரனுக்கு முப்பது, மகள் விமலாவுக்கு முப்பது, பெண்டாட்டிக்கு ஒன்று.

"எனக்கு மட்டும் ஒண்ணா?" என்று புஷ்பவள்ளி கேட்டாள்.

"கை தூக்க ஒண்ணு போதும். வர்ற லாபம் புள்ளைங்களுக்குப் போவட்டும். நான் ஒருத்தன் தூக்குனா ஒரு கை. இப்ப நம்ம வீட்டுல மூணு கை."

லயத்தில் பல பேர் அவரைப் பார்த்து அப்படியே பிரித்துக் கொடுத்தார்கள். பங்கு பரவப் பரவத் தோட்டம் பத்திரம் என்று அவர் நம்பினார். ஒரு மாசி மாதம், வெட்டிய குலைக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வருடம் இன்னும் திரும்பவில்லை.

அதற்குள் கடிதம் வந்துவிட்டது. கோலாலம்பூர் வீடமைப்பு நிறுவனம் ஒன்று தோட்டம் முழுவதையும் வாங்கக் கேட்டது. வீடுகள் கட்டப் போகிறார்களாம். விற்றால் லயத்து ஆட்களுக்கு ஆறு மாத அவகாசம். லயம் கம்பெனிக்குச் சொந்தம். குடியிருப்பவர்களுக்குத் தனியாகப் பட்டா கிடையாது. விற்பதா வேண்டாமா என்று வருகிற ஞாயிறு கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் பிள்ளைகள் இருவரும் வந்தார்கள். கணேஸ்வரன் ரவாங்கில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். விமலா கிள்ளானில் பல் கிளினிக்கில் வேலை பார்த்தாள். புஷ்பவள்ளி சாளைக் கருவாட்டுச் சம்பலும் முருங்கைக்கீரையும் வைத்திருந்தாள். மின்விசிறி சுற்றாததால் கணேஸ்வரன் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டான்.

"இதைக் கூட ரிப்பேர் பண்ணாம எப்படிம்மா இருக்கீங்க?"

"காத்து வருதே."

"வெள்ளமும்தான் வருது. போன டிசம்பர் கட்டில் மேல உக்காந்திருந்தீங்க ரெண்டு நாளு."

"நான் மட்டுமா உக்காந்தேன். நல்லம்மாவும்தான் உக்காந்திருந்துச்சு. தாயம் ஆடுனோம்."

விமலா சிரித்தாள். கணேஸ்வரன் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தான். வாய் ஒட்டியிருந்தது.

"ஆபீஸ்ல குடுத்துருங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும். எங்க ரெண்டு பேருதும் இருக்கு."

"லீவு லெட்டரா? வர மாட்டீங்களா?"

"எனக்கு அன்னிக்கு ஸ்டாக் எடுக்கணும். அவளுக்கு ஆஃப் கெடைக்கல."

"ரெண்டு கை கொறையுதேடா. அப்பா இருந்தா விடுவாரா?"

"பரவால்லம்மா. உங்களுக்கு நல்லதுதான் நடக்கும்."

விமலா தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கழுவினாள். இரண்டே தட்டுகள்தான்.

வியாழக்கிழமை வேலை முடிந்து புஷ்பவள்ளி ஆபீசுக்குப் போனாள். கை கழுவி, சேலை மாற்றி, உறையைக் கூடையில் துணி போட்டு மூடிக் கொண்டுபோனாள். உறையில் எண்ணெய்ப் பிசுக்கு படக் கூடாது. ஆபீசில் நித்தியா மட்டும் இருந்தாள். கணக்கெழுதும் பெண். அவள் தாத்தாவும் இதே தோட்டத்தில் உரம் போட்டவர்.

நித்தியா உறையைக் கிழித்து இரண்டு தாள்களையும் பார்த்தாள். பிறகு புஷ்பவள்ளியைப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, இத நீங்க பாத்தீங்களா?"

"மலாய்லதானே இருக்கும். எனக்கு எங்க தெரியும். நான் மூணாம் வகுப்பு."

"படிச்சுக் காட்டவா?"

புஷ்பவள்ளிக்குச் சுருக்கென்றது. சபாக்கில் கட்டிக் கொடுத்த நல்லம்மாள் மகள், தாய் கையெழுத்து என்று ஏதோ வாங்கிப் போய், அது பஞ்சாயத்து வரை வந்து, தாய்க்கும் மகளுக்கும் பேச்சே அற்றுப்போன கதை லயத்துக்கே தெரியும். தன் வீட்டில் அப்படியெல்லாம் கிடையாது.

"எம் புள்ளைங்க பேப்பர நான் ஏன் இன்னொருத்தர வெச்சுப் படிக்கணும்? ரெண்டும் டிகிரி படிச்ச புள்ளைங்க. நீ சாப்பா அடிச்சுக் குடு."

நித்தியா பேனாவை மூடி வைத்தாள். பிறகு முத்திரையை எடுத்து இரண்டு தாளிலும் அடித்தாள்.

"சரி ஆண்ட்டி," என்றாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டினார்கள். மஸ்தான் வேனில் ஆட்டுக்கறியும் அரிசியும் கொண்டுவந்து இறக்கினார். கறி வருடாவருடம் அவர் கையால் அறுத்ததுதான். எழுபதைத் தாண்டியவர். கடையை இப்போது மகன் லுக்மான் பார்த்துக்கொள்கிறான்.

"எலும்பு ஜாஸ்தியா இருக்கே பாய்," என்றாள் நல்லம்மாள்.

"ஆட்டுக்கு எலும்பு இல்லாட்டி எப்படிம்மா நடக்கும்?"

"நீங்க எந்தப் பக்கம் கை தூக்குவீங்க? லுக்மான் பெரிய கடை பாத்து வெச்சிருக்கானாமே."

"அவன் பாத்து வெச்சிருக்கான். பங்கு எம்பேர்லலா இருக்கு." மஸ்தான் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "இராமையா எங்கடைக்கு வந்து, பாய், கடன் குடுத்தே காலத்த ஓட்டாதீங்க, நீங்களும் ஒரு கை சேருங்கன்னான். அன்னிக்குத் தூக்குன கைம்மா. எறக்குனா சுளுக்கிக்கும்."

புஷ்பவள்ளி தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் அரிந்தாள்.

பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. டவுன் கார்கள் பதினேழு, பாரிட் கரையில் வரிசையாக நின்றன. தலைவர் சேது எழுந்தார். தோட்டத்தில் பிறந்தவர், ஷா ஆலமில் இருக்கிறார். கடிதத்தைப் படித்தார். பங்கு ஒன்றுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சொன்னார். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். கடைசி வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார்.

"விக்கிறதுக்குச் சம்மதம்னா கை தூக்குங்க."

இருபத்தெட்டுக் கைகள்.

"வேணாம்னா?"

புஷ்பவள்ளி கையைத் தூக்கினாள். மறுகையால் கடைசி வீட்டுக்காரரின் முழங்கையைத் தட்டினாள். நல்லம்மாள் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, ஒன்றை இறக்கிக்கொண்டாள். சேது இரண்டு முறை எண்ணினார்.

"நாப்பத்தாறு."

நல்லம்மாள் புஷ்பவள்ளியின் தொடையில் அடித்தாள். "அடுப்புல கறி அடிப்பிடிக்கப் போவுது, போய்ப் பாரு."

அப்போது முன்வரிசையில் நீலச் சட்டை போட்ட இளைஞன் எழுந்தான். வக்கீல். அவன் அப்பாவும் இங்கே குலை வெட்டியவர்தான்.

"தலைவரே, தாள் ஓட்டுக் கேக்குறோம். நாங்க ஆறு பேரு."

சேது கையிலிருந்த கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார்.

"அப்படின்னா என்னா தம்பி?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

"கைய எண்ணாம பங்க எண்ணுறதும்மா," என்றார் சேது. "ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. வராதவங்க குடுத்த பாரத்தையும் சேக்கணும். அஞ்சு பேருக்கு மேல கேட்டா மறுக்க முடியாது. ஆரம்பத்துலேருந்தே சட்டத்துல இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"அப்ப இப்ப தூக்குன கை?"

"அது செல்லாதும்மா."

"முப்பது வருசமா தூக்குனது?"

நித்தியா வெற்றுத் தாள்களை வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனாள்.

வந்தவர்கள் தாளில் குறித்துப் போட்டார்கள். பிறகு நித்தியா கட்டை அவிழ்த்து வராதவர்களின் பாரங்களைப் படித்தாள். சத்தமாகப் படிக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னான். பெயர், தகப்பன் பெயர், பங்கு, முடிவு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடுவது போலவே இருந்தது. களத்தில் நின்று குரல் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் இப்போது பிள்ளைகள் பெயருக்குப் பின்னால் வந்தது. சிலர் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். பல பேர் சம்மதம். ஒவ்வொரு சம்மதத்துக்கும் லயத்து வரிசையில் ஒரு தலை குனிந்தது.

நித்தியா ஒரு தாளை எடுத்துவிட்டு நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள்.

"கணேஸ்வரன், தகப்பன் பேரு இராமையா. முப்பது. சம்மதம்."

புஷ்பவள்ளிக்கு முதலில் அது வேறு இராமையா என்றுதான் பட்டது.

"விமலா, தகப்பன் பேரு இராமையா. முப்பது. சம்மதம்."

மஸ்தான் திரும்பிப் பார்த்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட்டிப் பார்க்க அரை மணி நேரம் ஆனது. சேது நின்றுகொண்டே படித்தார். சம்மதம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. வேண்டாம் ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்று. நாற்பத்தொன்று வித்தியாசம். தீர்மானம் நிறைவேறியது. பின்வரிசையில் கைதட்டத் தொடங்கிய ஒருவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நல்லம்மாள் விரல் மடக்கி முப்பதையும் முப்பதையும் கூட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ரெண்டு பேப்பரும் எப்படி ஆபீசுக்கு வந்துச்சு?"

"நான்தான் யக்கா கொண்டாந்து குடுத்தேன்."

"நீயா?"

"லீவு லெட்டர்னு நெனைச்சேன்."

நல்லம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

கறி லேசாக அடிப்பிடித்திருந்தது. மேலாக மொண்டு வேறு சட்டிக்கு மாற்றினார்கள். சாப்பாடு போட்டுத்தான் ஆக வேண்டும். சோற்றுச் சட்டிக்குப் பின்னால் புஷ்பவள்ளி நின்றாள், கறிச் சட்டிக்குப் பின்னால் நல்லம்மாள். வரிசையில் விற்கச் சொன்னவர்களும் வந்தார்கள், வேண்டாம் என்றவர்களும் வந்தார்கள். வக்கீல் இளைஞன் வந்தபோது நல்லம்மாள் ஒரு ஈரல் துண்டைத் தேடி எடுத்துப் போட்டாள்.

"ஒங்கப்பனுக்கு ஈரல்னா உசிரு," என்றாள்.

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தான். சாப்பிட உட்காரவில்லை. தட்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டான்.

இரண்டு மணி வாக்கில் கணேஸ்வரன் வந்தான். பள்ளிக்கூடத்துக்குள் வராமல் பாரிட் கரையிலேயே காரோடு நின்றான். புஷ்பவள்ளி ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அவன் வாங்கவில்லை.

"ஸ்டாக் எடுத்துட்டியாப்பா?"

"ம்மா."

"சாப்பிடு."

"ரூம் ரெடியா இருக்கும்மா. உங்களுக்குத் தனி ரூம், ஜன்னல் வெச்சது. விமலாவும் வாராவாரம் வருவா. இந்த வெள்ளத்துல, இந்த வயசுல, பழம் பொறுக்கிக்கிட்டு... அப்பா மாதிரி நீங்களும் மரத்தடியில கெடக்கணுமா? சொன்னா வர மாட்டீங்க. உங்களுக்காகத்தான்மா."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மா முன்னால் கை தூக்க அவனால் முடியவில்லை. தாளில் முடிந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லடா," என்றாள். "உக்காந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே உங்க பக்கம் தூக்கியிருப்பேனோ என்னமோ. அப்பவும் லயத்துல எல்லாருக்கும் வீடு போயிருக்கும். ஆனா நான் தூக்குனது என் கையா இருந்திருக்கும்."

கணேஸ்வரன் கார்க் கதவில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் தட்டைக் காரின் முன்மூடி மேல் வைத்தாள். எஞ்சின் சூடு இன்னும் இருந்தது.

"ஆறிப்போவாது. சாப்பிட்டுப் போ."

சட்டி கழுவி முடிக்க ஐந்து மணி ஆயிற்று. நல்லம்மாள் தன் பங்குச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டாள்.

மறுநாள் ஆறரைக்கு எப்போதும் போல் புஷ்பவள்ளி சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நல்லம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் செருப்பு இல்லை. இருபத்தாறு வருடமாக ஒருத்திக்காக ஒருத்தி நின்றுதான் போவார்கள்.

நல்லம்மாள் ஏற்கெனவே நிரையில் இருந்தாள். அடுத்த நிரையில் இல்லை. நான்கு நிரை தள்ளி. புஷ்பவள்ளி குந்தி உட்கார்ந்தாள். நேற்று யாரும் பொறுக்காததால் மரத்தடியெங்கும் பழம் சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது. ஒரு மரம் முடித்தாள். இரண்டாவது மரத்தில் கை நின்றுவிட்டது.

"யக்கா," என்றாள்.

பழம் சாக்கில் விழும் சத்தம் மட்டும் வந்தது.

"யக்கா, நீங்க எங்க போவீங்க?"

சத்தம் நின்றது. ஓலைகளுக்கு நடுவே நல்லம்மாளின் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. கடல் பக்கத்து வானத்தைப் பார்த்தாள்.

"மழ வரப்போவுது," என்றாள். "பொறுக்கு."